டோஸ்ட்மாஸ்டர்ஸில் காசு கட்டிச் சேரலாமா?

மேடையில் பேசப் பயம், ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறக்கக் கூச்சம், நாளைக்கு பிரசன்டேஷன் என்றால் இன்றைக்கே தூக்கம் போய்விடுகிறது என்று யார் புலம்பினாலும் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வது, "டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல சேர்ந்து பாருங்களேன்." உறுப்பினர்கள் கூடி மேடையில் பேசிப் பழகும் கிளப்புகளின் உலக அமைப்புதான் டோஸ்ட்மாஸ்டர்ஸ். ஆனால் சேர்ந்தால் என்ன நடக்கும், எவ்வளவு செலவாகும், எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று விவரம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நான் சென்னையில் ஒரு கிளப்பில் சில வருடங்களாக இருக்கிறேன், மற்ற கிளப்புகளுக்கும் விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதை வைத்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகச் சேரலாம், கொடுக்கும் காசுக்கு மேலேயே கிடைக்கிறது. ஆனால் யாரோ பேசக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள், அங்கே வாத்தியார் என்று ஒருவரும் கிடையாது. தவறாமல் கிடைக்கும் ஒரு மேடை உண்டு, நீங்கள் பேசி முடித்த பிறகு எழுந்து நின்று உங்கள் பேச்சைப் பற்றி மட்டுமே 3 நிமிடம் பேச ஒரு ஆள் உண்டு. அந்த 3 நிமிடத்துக்காகத்தான் நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ரால்ஃப் ஸ்மெட்லி என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே வரும் இளைஞர்களுக்கு நாலு பேர் முன்னால் நின்று பேசவோ ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவோ தெரியவில்லை என்று கவனித்து, 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் சான்டா ஆனா என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்திலேயே இந்த கிளப்பைத் தொடங்கினார். அதற்கு 12 வருடம் முன்பு, 1912-ல், நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் டேல் கார்னகி தன் பேச்சு வகுப்பை ஆரம்பித்திருந்தார். இரண்டு பேர் முன்னாலும் இருந்தது ஒரே பிரச்சினைதான். கார்னகி வழியில் பயிற்சியாளர் இருப்பார், கட்டணம் இருக்கும், வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். ஸ்மெட்லி வழியில் உறுப்பினர்களே ஒருவரை ஒருவர் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும், அதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு ஏறக்குறைய 150 நாடுகளில் 2.5 லட்சம் பேருக்கு மேல் உறுப்பினர்கள். லாப நோக்கமில்லாத அமைப்பு, தலைமையகம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது. நம் ஊர் கிளப்பில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பில் இருப்பவர்கள் ஒருவருக்கும் சம்பளம் இல்லை, எல்லோரும் அவரவர் வேலையை முடித்துவிட்டு வந்து நாற்காலி போடுபவர்கள்தான். இன்னொரு விஷயம், 1973 வரைக்கும் பெண்களுக்கு இதில் இடமே இல்லை. ஹெலன் பிளான்சர்ட் என்பவர் ஹோமர் என்று ஆண் பெயரில் பதிந்துகொண்டு உள்ளே நுழைந்தார், 1985-ல் அவரே இந்த அமைப்பின் முதல் பெண் சர்வதேசத் தலைவர் ஆனார். நான் போகும் கிளப்பில் நன்றாகப் பேசுபவர்கள் யார் என்று கேட்டால் வரிசையாகப் பெண்களின் பெயர்தான் என் வாயில் வரும்.

சரி, கூட்டத்துக்குள் போவோம். வாரம் ஒருமுறை கூடும் கிளப் உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுவதும் உண்டு. ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். பள்ளிக்கூட வகுப்பறை, யாராவது தரும் கான்ஃபரன்ஸ் ரூம், அபார்ட்மென்ட் ஹால் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. அன்றைய நிகழ்ச்சியை நடத்த ஒருவர், பச்சை மஞ்சள் சிவப்பு அட்டையோடு நேரம் பார்க்க ஒருவர், பேசுபவர்கள் வாயிலிருந்து சும்மா விழும் ஒலிகளை எண்ண ஒருவர், மொழியைக் கவனிக்க ஒருவர் என்று ஆளுக்கு ஒரு வேலை கொடுத்திருப்பார்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு எதற்கு இவ்வளவு சடங்கு என்று தோன்றும். எனக்கு இதில்தான் அந்த அமைப்பின் புத்திசாலித்தனம் தெரிகிறது. கூச்சப்படும் ஆளை எடுத்த எடுப்பில் மேடையேற்றி 5 நிமிடம் பேசு என்று சொன்னால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். "அடுத்த மீட்டிங்குக்கு நீங்கதான் டைமர்" என்றால் வந்துவிடுவார். டைமர் எழுந்து நின்று, பச்சை அட்டை எப்போது காட்டுவேன், சிவப்பு எப்போது என்று அரை நிமிடம் விளக்க வேண்டும், கடைசியில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று வாசிக்க வேண்டும். சொல்ல வேண்டியது கையில் எழுதியே இருக்கும். அப்படியும் முதல் தடவை குரல் நடுங்கும், இரண்டாவது தடவை கொஞ்சம் குறையும். பயம் என்பது உடம்பு செய்யும் வேலை, அட்ரினலின் ஏறும், இதயம் படபடக்கும், நாக்கு வறளும். அறிவுரை சொல்லி அதை நிறுத்த முடியாது. திரும்பத் திரும்ப எழுந்து நின்று, ஒன்றும் ஆகிவிடவில்லை என்று உடம்புக்கே பழக்கிக் காட்ட வேண்டும். அதற்கு வேண்டியது அடிக்கடி கிடைக்கும் சின்னச் சின்ன வாய்ப்பு, அந்த வாய்ப்பை இந்தப் பொறுப்புகள் வாராவாரம் கொடுத்துவிடுகின்றன.

கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி டேபிள் டாபிக்ஸ். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு கேள்வியைக் கேட்டு உங்கள் பெயரைச் சொல்வார்கள், நீங்கள் போய் 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். ஒருமுறை, உங்கள் தெருவில் ஒரே ஒரு பொருளை இடம் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று ஒரு கேள்வி. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் பெயர் வந்தது, சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது அவருக்கு. முன்னால் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டினார், அப்புறம் எடுத்தார், சட்டைப் பையைத் தடவினார். வாயில் ஒன்றும் வரவில்லை. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை, எடுத்துக்கொடுக்கவும் இல்லை, காத்திருந்தார்கள். கடைசியில், "எங்க தெரு முனையில ஒரு குப்பைத் தொட்டி இருக்கு, அதுக்குப் பக்கத்துலதான் பசங்க ஸ்கூல் வேனுக்கு நிப்பாங்க" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சு நிற்கவில்லை. தொட்டியை எங்கே தள்ளி வைக்கலாம், அங்கே வைத்தால் எந்தக் கடைக்காரர் சண்டைக்கு வருவார், கவுன்சிலரிடம் யார் போய்ப் பேசுவது வரைக்கும் போய்விட்டார், சிவப்பு அட்டை காட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. கண்ணால் பார்த்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் பேச்சு தானாக வரும் என்பதை எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. இன்டர்வியூவில் எதிர்பாராத கேள்வி வரும்போதும், மீட்டிங்கில் மேனேஜர் திடீரென்று உங்கள் பக்கம் திரும்பி நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்கும்போதும் கை கொடுப்பது இந்தப் பயிற்சிதான். தயாரித்த பேச்சை விட இதுதான் அன்றாட வாழ்க்கையில் அதிகம் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம்.

ஒலிகளை எண்ணுபவரை ஆ-கவுன்ட்டர் என்பார்கள். ஆ, உம் என்பதோடு நம் ஊருக்கே உரிய "வந்து", "அதாவது", "பார்த்தீங்கன்னா", அப்புறம் "ஆக்சுவலி", "பேசிக்கலி", "ஸோ" எல்லாம் கணக்கில் வரும். கூட்ட முடிவில் பெயர் சொல்லி, இவர் "வந்து" 11 முறை, இவர் "ஸோ" 9 முறை என்று வாசிப்பார். கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு போலத் தெரியும், ஆனால் வேலை செய்கிறது. நாம் எதைச் சொல்கிறோம் என்பதே நமக்குக் கேட்பதில்லை, ஒருவர் எண்ணிச் சொன்ன பிறகுதான் கேட்க ஆரம்பிக்கிறது, கேட்க ஆரம்பித்ததும் அந்த இடத்தில் வாயை மூடிச் சும்மா நிற்கப் பழகுகிறோம். அந்தச் சும்மா நிற்பது பேசுபவருக்கு ஒரு யுகமாகத் தெரியும், கேட்பவருக்கு ஒரு மூச்சு நேரம்கூடத் தெரியாது. ஆனால் இதையே பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. ஒரு "வந்து" கூட இல்லாமல் பேசுவதையே லட்சியமாக வைத்துக்கொண்டு பேச்சில் உயிரே இல்லாமல் செய்துகொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தயாரித்த பேச்சுகளுக்குப் பாத்வேஸ் என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, இணையத்தில் உங்கள் கணக்கில் திறந்து படித்துக்கொள்ளலாம். ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தால் அதில் 5 நிலைகள். முதல் பேச்சு ஐஸ் பிரேக்கர், உங்களைப் பற்றியே 4 முதல் 6 நிமிடம். அதற்குப் பிறகு பெரும்பாலானவை 5 முதல் 7 நிமிடம்: 5-ல் பச்சை, 6-ல் மஞ்சள், 7-ல் சிவப்பு. நேரக் கட்டுப்பாடு நம் ஆட்களுக்கு மிகவும் தேவையான மருந்து என்றே சொல்வேன். கல்யாண மேடையில், சங்க ஆண்டு விழாவில், நேரம் கருதி ஓரிரு வார்த்தை என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுபவர்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 7 நிமிடத்துக்குள் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றால் எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, அந்த யோசனையில்தான் பேச்சே உருவாகிறது.

இனி நான் முதலில் சொன்ன அந்த 3 நிமிடம். ஒவ்வொரு தயாரித்த பேச்சுக்கும் ஒரு இவாலுவேட்டர் உண்டு. நீங்கள் பேசும்போது குறிப்பெடுத்துக்கொண்டு, கூட்டத்தின் பின்பாதியில் எழுந்து 2 முதல் 3 நிமிடத்துக்குள் எது நன்றாக இருந்தது, எதை மாற்றிப் பார்க்கலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். நம் வாழ்க்கையில் வேறு எங்கேயும் இது நடப்பதில்லை. ஆபீஸில் பிரசன்டேஷன் முடிந்தால் "குட், நல்லா இருந்துச்சு" என்பார்கள், அல்லது அப்ரைசல் நேரத்தில் கம்யூனிகேஷன் இன்னும் இம்ப்ரூவ் பண்ணணும் என்று ஒரு வரி வரும். எங்கே, எந்த வரியில், எப்படி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் கிளப்பில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருக்கிறார். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, ஜவுளிக்கடை சூப்பர்வைசர், தீபாவளி நேரத்தில் கடையில் வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு, எங்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. அந்த அம்மா எழுந்து வந்து முதலில், கவுன்ட்டரில் துணியை உதறிப் போடும் சத்தத்தை நீங்கள் வர்ணித்தபோது நான் கடைக்குள்ளேயே நின்றேன் என்று சொன்னார். அப்புறம் சொன்னது: "தம்பி, முக்கியமான வரி வரும்போதெல்லாம் நீங்க தரையைப் பார்த்தீங்க. கால் வீங்கிப்போச்சுன்னு சொன்னப்பவும் தரை, வீட்டுக்குப் போறப்ப பிள்ளைங்க தூங்கியிருக்கும்னு சொன்னப்பவும் தரை. சும்மா கடை எங்க இருக்கு, எத்தனை மாடின்னு சொன்னப்ப மட்டும் எங்களைப் பார்த்தீங்க. அதை அப்படியே மாத்திப் பாருங்க." அந்தத் தம்பி நோட்டில் எழுதிக்கொண்டார். நாங்களும் எழுதிக்கொண்டோம், ஏனென்றால் அது எங்கள் எல்லோரிடமும் இருந்த குறை. மனசுக்கு நெருக்கமான வரி வரும்போது கண் தானாகக் கீழே போகிறது. புத்தகத்தில் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று பொதுவாகப் போட்டிருக்கும், எந்த வரியில் பார்க்கவில்லை என்று ஒரு மனிதர் கவனித்துச் சொன்னால்தான் திருத்த முடியும்.

பாத்வேஸின் முதல் நிலையிலேயே இதற்கென்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். ஒரு பேச்சு பேச வேண்டும், அதற்கு வந்த கருத்துகளைச் சேர்த்து மறுபடி ஒரு பேச்சு பேச வேண்டும், பிறகு நீங்களே இன்னொருவர் பேச்சுக்கு இவாலுவேட்டராக இருக்க வேண்டும். மொத்தப் பாடத்திட்டத்திலும் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது இதுதான். அதிலும் மூன்றாவது பகுதி. இன்னொருவர் பேச்சைக் கேட்டு, 3 நிமிடத்தில் அவர் மனம் நோகாமல், ஆனால் உண்மையாக, அடுத்த வாரமே செய்யக்கூடிய ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும் என்றால் காது வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ஆரம்பம் எங்கே பிடித்தது, எந்த இடத்தில் கவனம் சிதறியது, ஏன் சிதறியது என்று கேட்கப் பழகியவர் தன் பேச்சையும் அப்படியே கேட்பார். மேடையில் பேசிப் பேசி வளர்ந்தவர்களை விட இவாலுவேஷன் செய்து செய்து வளர்ந்தவர்கள்தான் எங்கள் கிளப்பில் நன்றாகப் பேசுகிறார்கள். சேரும் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான், பேச்சுக்கு இடம் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, இவாலுவேட்டர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இதிலேயே பலவீனமும் இருக்கிறது. வாத்தியார் இல்லாத இடம் என்பதால் இவாலுவேஷனின் தரம் ஆளைப் பொறுத்துதான். சில கிளப்புகளில் எல்லாமே அருமை, சூப்பர், கைதட்டல் என்று முடிந்துவிடும். புண்படுத்தக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் பேசிய உறுப்பினருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. பேசுவதற்கு முன்பே இவாலுவேட்டரைத் தனியாகப் பார்த்து, "நான் அவசரமாகப் பேசுவேன், எந்த இடத்தில் வேகம் கூடுகிறது என்று மட்டும் கவனியுங்கள்" என்று ஒரு குறிப்பிட்ட விஷயத்தைக் கேட்டு வைக்க வேண்டும். கேட்டால் சொல்லத் தயங்கமாட்டார்கள்.

மொழி விஷயம் பேசியே ஆக வேண்டும். நம் ஊரில் பப்ளிக் ஸ்பீக்கிங் என்றாலே இங்கிலீஷில் பேசுவது என்று ஆகிவிட்டது. கிளப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் உண்மையில் தேடி வருவது ஆங்கிலப் பயிற்சி. அது தவறில்லை, வேலைக்குத் தேவைதான், ஆனால் இரண்டும் இரண்டு தனிப் பிரச்சினை. ஆங்கிலத்தில் தடுமாறுபவர் தமிழில் பேசினால் தடுமாறமாட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒருமுறை தமிழில் 5 நிமிடம் பேசிப் பாருங்கள், உங்களுக்கு இருப்பது மொழிப் பிரச்சினையா மேடைப் பிரச்சினையா என்று தெரிந்துவிடும். தமிழிலேயே நடக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, சிங்கப்பூரிலும் இருக்கின்றன, இரண்டு மொழியிலும் நடத்தும் கிளப்புகளும் உண்டு. என் சிபாரிசு இரண்டு மொழிக் கிளப். முதல் சில பேச்சுகளைத் தமிழில் பேசி, மேடை பழகிய பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் ஒரே நேரத்தில் இரண்டு சுமை தூக்க வேண்டியிருக்காது.

தமிழில் பேச வருபவர்களுக்கு வேறொரு பழக்கம் குறுக்கே நிற்கும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் வாத்தியார் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து, "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று தொடங்கி, கையை உயர்த்திக் குரலை ஏற்றிப் பரிசு வாங்கியவர்கள் இங்கேயும் அதையே செய்வார்கள். அந்த மரபை நான் குறை சொல்லவில்லை. மேடைப் பேச்சாலேயே அரசியலை மாற்றிய அண்ணா பிறந்த மண் இது, அடுக்குமொழியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். ஆனால் 20 பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், மைக் இல்லாமல், ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசும் இடத்தில் அந்தக் குரல் பொருந்துவதில்லை. இங்கே வேண்டியது பேசுவது போலப் பேசுவது. மனப்பாடத்தில் இன்னொரு ஆபத்து, ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. முழுவதையும் எழுதி உருப்போடாமல், முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு நடுவில் மூன்று நான்கு குறிப்புகளை நம்பிப் பேசுங்கள் என்று எங்கள் கிளப் மூத்தவர்கள் சொல்வது எல்லோருக்கும் பலித்திருக்கிறது.

போட்டிகளும் உண்டு. கிளப் அளவில் ஜெயித்து மேலே மேலே போய் உலகப் போட்டி வரைக்கும் போகலாம், 1938-லிருந்து நடக்கும் போட்டி அது. 2014-ல் இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி உலகச் சாம்பியன் ஆனார். அந்த அளவுப் பேச்சைக் கேட்பது ஒரு தனி அனுபவம். ஆனால் ஆபீஸ் பேச்சுக்கு அதை அப்படியே முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 7 நிமிடம் 30 வினாடி தாண்டினால் தகுதி போய்விடும் என்ற கணக்கில், ஒவ்வொரு அசைவையும் செதுக்கிச் செய்யும் கலை அது. வாராந்திர ரிப்போர்ட் கொடுக்கும்போது மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து, நிறுத்தி, குரலைத் தாழ்த்திப் பேசினால் கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

பிரசன்டேஷனுக்காகவே சேர நினைப்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்த விஷயத்தில் இது பாதிதான் உதவும். பிரசன்டேஷன் மாஸ்டரி என்ற பெயரிலேயே ஒரு பாதை இருக்கிறது, பிரசன்டேஷன் மென்பொருளைப் பயன்படுத்துவது, கேள்வி பதில் நேரத்தைச் சமாளிப்பது, முரண்டு பிடிக்கும் கூட்டத்தைக் கையாள்வது என்றெல்லாம் பயிற்சிகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது அற்புதமான பயிற்சி. கிளப் உறுப்பினர்களில் சிலர் வேண்டுமென்றே குறுக்கே பேசுவார்கள், ஒருவர் போனை நோண்டுவார், ஒருவர் சம்பந்தமில்லாத கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், நீங்கள் பொறுமை இழக்காமல் பேச்சை முடிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான கூட்டங்களில் நடப்பது ஸ்லைடு இல்லாத, கதை சொல்லும் பேச்சு. எண்களும் வரைபடமும் வைத்துக்கொண்டு, அவசரத்தில் இருக்கும் ஐந்து பேரை ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சு வேறு வகை. அங்கே கேட்பவர் முதல் நிமிடத்திலேயே என்ன வேண்டும் உங்களுக்கு என்று கேட்பார், கதைக்கெல்லாம் காத்திருக்கமாட்டார். அதற்கு நான் கண்ட வழி, ஆபீஸ் பிரசன்டேஷனையே கம்பெனி விவரங்களை நீக்கிவிட்டு கிளப்புக்கு எடுத்துப்போவது. நம் துறை தெரியாதவர்கள் கேட்பார்கள் என்பதே பெரிய லாபம். ஸ்லைடில் இருப்பதைத் திரும்பி நின்று வாசித்தால் உடனே சொல்லிவிடுவார்கள், ஒரு ஸ்லைடில் மூன்று விஷயம் இருந்தால் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்பார்கள். நான் முன்பு சொன்ன, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாவுக்குப் புரிந்த ஸ்லைடு எந்த மேலதிகாரிக்கும் புரியும்.

செலவு. தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேரும்போது ஒருமுறை மட்டும் 20 டாலர். 2023 அக்டோபருக்கு முன்பு ஆறு மாதத்துக்கு 45 டாலராக இருந்தது. இதோடு கிளப்புகள் ஹால் வாடகை, டீ பிஸ்கட் செலவுக்குத் தனியாக ஒரு தொகை வாங்கலாம், அது இடத்துக்கு இடம் மாறும். ரூபாயில் பார்த்தால் ஆறு மாதத்துக்கு ஐந்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. கல்லூரி மாணவர்களுக்கும் சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கும் இது பெரிய தொகைதான், எல்லா நாட்டுக்கும் ஒரே டாலர் கணக்கு என்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வேறு எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் இருக்கிறது. இதில் சேர்வதற்கு முன்பு ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் மேடைப் பேச்சுப் பயிற்சிக்குப் போனேன், பெயர் வேண்டாம். இங்கே ஒரு வருடத்துக்கு ஆவதை விட அதிகம் வாங்கினார்கள். பயிற்சியாளர் பிரமாதமாகப் பேசினார், நாங்கள் கேட்டோம், கைதட்டினோம், சாப்பாடு நன்றாக இருந்தது. நான் எழுந்து நின்று பேசியது இரண்டு நாளிலும் சேர்த்து சில நிமிடம்தான். நீச்சல் வீரர் நீந்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தது போலத்தான் இருந்தது.

பிடிக்காதவையும் சிலது உண்டு. பாத்வேஸ் இணையதளம் புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், ஒரு பயிற்சியைத் திறந்து, முடித்ததாகக் குறித்து, அதைக் கிளப்பில் ஒப்புதல் வாங்குவதற்குள் பேச்சே தயாரித்துவிடலாம். யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். அடுத்தது பதவி. கிளப், ஏரியா, டிவிஷன், டிஸ்ட்ரிக்ட் என்று படிப்படியாகப் பொறுப்புகள் இருக்கின்றன. கூட்டம் நடத்தவும் ஆட்களை ஒருங்கிணைக்கவும் நல்ல பயிற்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பேச வந்தவர் உறுப்பினர் எண்ணிக்கை, இலக்கு, வாட்ஸ்அப் குரூப் என்று அதிலேயே மூழ்கி, மேடையில் பேசுவதையே மறந்துவிடுகிற நிலைமையும் வருகிறது. முதல் வருடம் எந்தப் பதவிக்கும் தலையாட்டாமல் பேச்சிலும் இவாலுவேஷனிலும் மட்டும் கவனம் வைப்பது நல்லது. அப்புறம், எல்லாவற்றுக்கும் கைதட்டும் அந்தக் கலாசாரம் சிலருக்கு முதலில் செயற்கையாகத் தெரியும். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், குரல் நடுங்கப் பேசிவிட்டு உட்காரப் போகிறவருக்கு அந்தச் சத்தம் எவ்வளவு தேவை என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும்.

யாருக்கு இது சரிப்படாது என்றால், அடுத்த வாரம் முக்கியமான பிரசன்டேஷன், அதற்குள் தேற வேண்டும் என்பவர்களுக்கு. அவர்கள் நம்பிக்கையான இரண்டு நண்பர்களை உட்கார வைத்து, போனில் வீடியோ எடுத்து, நாலைந்து முறை பேசிப் பார்ப்பதே மேல். மாதத்தில் இரண்டு மாலை ஒதுக்க முடியாதவர்களும் காசு கட்ட வேண்டாம், பெயருக்கு உறுப்பினராக இருந்து ஒரு பயனும் கிடையாது.

சேர நினைப்பவர்கள் முதலில் பார்த்த கிளப்பிலேயே பணம் கட்டிவிடாதீர்கள். உறுப்பினராகச் சேர 18 வயது ஆகியிருந்தால் போதும். விருந்தினராக எந்தக் கிளப்புக்கும் காசு கொடுக்காமல் போகலாம், அவர்களுடைய இணையதளத்தில் ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் பக்கத்தில் இருப்பவை வரும். சில கிளப்புகள் கம்பெனிகளுக்குள் ஊழியர்களுக்கு மட்டும் நடப்பவை, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மூன்று கிளப்பாவது போய்ப் பாருங்கள். பேச்சுகளைக் கேட்டு மயங்காமல் இவாலுவேஷன் வரும்வரை இருந்து கேளுங்கள். அங்கே ஒருவர் எழுந்து, இந்த இடத்தில் இப்படிச் செய்தீர்கள், அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள் என்று குறிப்பாகச் சொல்கிறாரா என்று பாருங்கள், சொன்னால் அது நல்ல கிளப். டேபிள் டாபிக்ஸில் விருந்தினரையும் கூப்பிடுவார்கள், வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் சொல்லாமல் முன்னால் போய்ப் பேசிவிடுங்கள். சந்தா ஏப்ரல், அக்டோபர் என்று வருடத்துக்கு இரண்டு முறை புதுப்பிக்கப்படுகிறது. நடுவில் சேர்ந்தால் மிச்சமிருக்கும் மாதங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்குவார்கள், அதனால் அடுத்த தவணை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.